செரிக்கும் காலம்

முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணுமாறு திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அறிவுறுத்துகிறது. அச்செரிமானம் எல்லார்க்கும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை.

ஒரே உணவை உண்டாலும், அது பெண்களின் இரைப்பையை விட்டு நீங்கச் சராசரியாக ஆண்களைவிடக் கூடுதல் நேரமாகிறது. பெருங்குடலைக் கடக்கவும் அவ்வாறே. குடல் தசைகளைத் தளர்த்தும் புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன் இதற்கு ஒரு காரணமாகும். கருவுற்ற காலத்தில் அது மிகுவதால் பலருக்கு மலச்சிக்கல் ஏற்படுகிறது.

விழுங்கும் மாத்திரையும் இவ்வழியே செல்கிறது. எனினும், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்தாய்வுகளிலிருந்து விலக்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1977இல் நெறிமுறை வகுத்தது; 1993இல்தான் அதனை மாற்றியது. இடைப்பட்ட காலத்தில் பல மருந்துகளின் அளவு பெரும்பாலும் ஆணுடலைக் கொண்டே வரையறுக்கப்பட்டது. இரு பாலாரையும் ஆராய்ந்து அளவறிவதே நன்மருத்துவம்.