ஏழு நாள் வானிலை அறிக்கையை வாசித்தறியும் முறை

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்துள்ள பொம்மையார்பாளையம், வானூர்த் தாலுக்காவைச் சேர்ந்த மீன்பிடிக் கிராமமாகும். அதற்கு மேற்கே சிறிது தூரம் சென்றால் சவுக்கும் முந்திரியும் மல்லாட்டையும் விளையும் செம்மண் மேடு. படகு தள்ளுவோர்க்கும் ஏர் ஓட்டுவோர்க்கும் ஐப்பசி முதல் மார்கழி வரையில் ஒரு கேள்வி பொதுவானது: வரும் வாரத்தில் வானம் எவ்வாறிருக்கும் என்பதே அது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் நாடோறும் வெளியிடும் அறிக்கையில் இதற்கு விடை இருக்கிறது. ஆயினும் அதன் சொற்களுக்கு உரிய அளவை அறியாமல் வாசிப்போர் வீணே அஞ்சுவதும், அல்லது வீணே துணிவதும் உண்டு.

முதலில் மழையின் காரணத்தைச் சிறிது அறிதல் நலம். அக்டோபர் மாதத்தில் சூரியன் தென்பாகம் செல்ல, வட இந்தியாவின் நிலப்பரப்பு குளிர்ந்து அங்கே காற்றழுத்தம் மிகுகிறது. தெற்கே கடல் இன்னும் வெப்பமாக இருப்பதால் காற்று அத்திசை நோக்கி வீசுகிறது. பூமியின் சுழற்சியால் அது விலகி, வடகிழக்கிலிருந்து நம் கரையை அடைகிறது. வங்காள விரிகுடாவைக் கடந்து வருகையில் அது நீராவியை ஏராளமாகச் சுமந்துகொள்கிறது. எனினும் வாடைக் காற்று வீசுவதனால் மட்டும் பெருமழை பெய்துவிடாது. காற்று மேலே எழும்பிக் குளிர்ந்தாலன்றி ஆவி நீராவதில்லை. அவ்வாறு எழும்பச் செய்வதே காற்றழுத்தத் தாழ்வு. ஆவி நீராகும்போது வெளிப்படும் உஷ்ணம் சுற்றுக் காற்றைச் சூடேற்றி மேலும் எழுப்புகிறது; அழுத்தம் இன்னும் குறைகிறது. கடல்நீரின் வெப்பம் ஏறக்குறைய 26.5 பாகைக்கு மேலிருந்தால்தான் இவ்வியக்கம் புயலாக வளர இயலும்.

காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டர் ஆனால் அது தாழ்வு மண்டலம். 50 ஆனால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 ஆனால் புயல். மழைக்கும் இவ்வாறே கணக்குண்டு. ஒரு நாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரையில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரையில் மிக கனமழை. 20க்கு மேற்பட்டால் அதி கனமழை. ‘ஓரிரு இடங்களில்’ என்பது அப்பகுதியில் மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் பெய்யும் என்பதாகும். ஆகவே ‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்று அறிவித்த நாளில் தன் ஊரில் தூறல் மட்டும் விழுந்தால், அறிக்கை பொய்த்ததென்று ஒருவர் முடிவு செய்தல் நியாயமன்று.

இனி, ஒரு வார முன்னறிவிப்பு எத்துணை உறுதியுடையது என்பதற்கு 2024ஆம் வருஷத்து ஃபெஞ்சல் புயலே தக்க உதாரணம். (பெயர் சவூதி அரேபியா அளித்தது.) நவம்பர் மாத இறுதி வாரத்தில் தென்கிழக்கு வங்காள விரிகுடாவில் தோன்றிய தாழ்வு, 26ஆம் தேதி ஆழ்ந்த தாழ்வு மண்டலமாயிற்று. மறுநாள் அது புயலாகும் என எதிர்பார்க்கப்பட்டது, ஆகவில்லை. பின்னர் அது வலுவிழந்தே கரை சேரும் என்று கணிக்கப்பட்டது. ஆனால் 29ஆம் தேதி பிற்பகல் அது புயலாகவே மாறி, 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் பல மணி நேரம் அவ்விடத்தை விட்டு நகராமல் நின்றதனால், டிசம்பர் 1ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டரும், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று.

இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், கடலில் ஒரு தாழ்வு உண்டென்பதும் அது தமிழ்நாட்டுக் கரையை நோக்கி வருகிறதென்பதும் பல நாள் முன்னரே தெரிந்திருந்தன. அதன் வலிமையும், கரை கடக்கும் நேரமும், நிற்குமா நகருமா என்பதும் கடைசி இரண்டு நாட்களிலேயே தெளிவாயின. காரணம், நடுக்கடலில் அழுத்தத்தையும் காற்றையும் நேரில் அளக்கும் கருவிகள் மிகச் சில. தொடக்கத்தில் நேரும் சிறு பிழை, கணிப்பில் நாள் செல்லச் செல்லப் பெருகும். சென்னை, காரைக்கால் ராடார்கள் மேகத்தைக் காண்பது அது கரைக்கு அருகில் வந்த பின்னரே.

ஆகையால் அறிக்கையின் முதல் மூன்று நாட்களைக் கொண்டு வேலையைத் தீர்மானிக்கலாம். பிந்திய நான்கு நாட்களைக் கொண்டு ஆயத்தம் மட்டும் செய்யலாம். ஐந்தாம் நாள் மழை எனக் கண்டால் வடிகால் வாய்க்காலைச் செப்பனிடுவதும், சங்கக் கிடங்கில் உர மூட்டைகளைத் தரையினின்று உயர்த்தி அடுக்குவதும் தகும். மழை வராவிடினும் நஷ்டமில்லை. சம்பா நெல்லுக்கு யூரியா தூவுவதையும் மல்லாட்டை விதைப்பதையும் இரண்டாம் நாள் அறிக்கையைப் பார்த்தே செய்ய வேண்டும். தூவிய மறுநாள் வெள்ளம் வந்தால் உரம் ஓடையில் போகும், கடனோ சங்கக் கணக்கில் நிற்கும். கடலுக்குச் செல்வோர்க்கு இவ்வித வாய்ப்பும் இல்லை. மீனவர்க்கு எச்சரிக்கை வந்துவிட்டால், வானம் தெளிந்திருந்தாலும் படகையும் வலையையும் மேட்டில் ஏற்றுவதே முறை. புயல் தொலைவில் இருக்கையில் கரையோர வானம் வெளுத்திருப்பது புதிதன்று. துறைமுகக் கூண்டின் எண்களில் 11 என்பது செய்தித் தொடர்பே அற்றுப்போயிற்று என்பதைக் குறிக்கும்.

புயல் கரை கடந்ததும் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுவதும் பிழை. ஃபெஞ்சலின் மிச்சம் மேற்கே நகர்ந்து கிருஷ்ணகிரி ஜில்லாவின் ஊத்தங்கரையிலும் 50 சென்டிமீட்டர் பெய்வித்தது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது, விழுப்புரம் ஜில்லாவின் கரையோர ஊர்களில் மழை குறைந்த பின்னரே. ஆற்றங்கரைக் குடிகள் தம் ஊர் வானத்தை மட்டுமன்றி மேற்கத்திய ஜில்லாக்களின் அறிக்கையையும் வாசிக்க வேண்டியது இதனாலேயே.

மழையளவைத் தம் ஊரிலேயே அறிய விரும்பும் சங்கத்தார், அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர்ப் பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, நாடோறும் காலை 8.30 மணிக்கு உள்ளிருக்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதி வரலாம். ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர் நீர். மயிலத்தில் அந்த ஒரு நாளில் ஒவ்வோர் ஏக்கரிலும் விழுந்தது ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர்.