செத்த டிரில்லின் கைப்பிடியை எறியாதே

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. பட்டறையில் இரண்டு டிரில் பேட்டரிகள் முழு சார்ஜோடு கிடந்தன. அவற்றிலிருந்து ஒரு செல்போனுக்கு உயிர் கொடுக்க அன்று எனக்கு வழி தெரியவில்லை. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை, புதிதாக மீட்டர் பிடிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

1. டிரில் நிஜமாகவே செத்துவிட்டதா என்று முதலில் பார். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ட்ரிகர் சுவிட்ச் போயிருக்கலாம். இரண்டையும் மாற்றிவிடலாம். பிழைக்கிற மெஷினை உடைப்பது தொழிலுக்கு ஆகாது. மோட்டார் கருகி வாடை அடித்தால் மட்டும் மேலே படி.

2. பேட்டரி பேக்கைப் பிளக்காதே. எல்லாருக்கும் முதலில் கை அங்கேதான் போகும். 18 வோல்ட் லித்தியம் பேக் என்றால் உள்ளே ஐந்து செல் வரிசை. பெரும்பாலும் 18650 தான், 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். அந்தச் செல்லின் உடம்பு முழுக்க மைனஸ். பிளஸ் முனையிலும் நடுப்பொட்டு மட்டும்தான் பிளஸ், சுற்றியிருக்கும் விளிம்பு மைனஸ். இரண்டையும் பிரிப்பது உள்ளே ஒரு மெல்லிய வளையம், மேலே ஒரு பிளாஸ்டிக் தோல், அவ்வளவுதான். ஒருமுறை பேக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நிக்கல் பட்டையை நெம்பினேன். கையிலிருந்த மோதிரம் பட்டையிலும் பக்கத்துச் செல்லிலும் ஒன்றாகப் பட்டது. ஒரு நொடிகூட இருக்காது, தங்கம் தோலோடு ஒட்டிக்கொண்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் நீ மேஜைக்கு வரவேண்டும்.

3. கைப்பிடியின் அடிப்பாகம்தான் சொத்து. பேட்டரி சறுக்கி உட்காரும் அந்த இடத்தை ஓடோடு அறுத்து எடு. உள்ளிருக்கும் தடித்த இரண்டு தகடுகளிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒயர்களை எவ்வளவு நீளமாக முடியுமோ அவ்வளவு நீளமாக விட்டு வெட்டு. நடுவில் மெல்லிய தகடுகள் இருந்தால் அவை சூட்டையும் செல்களையும் கவனிப்பதற்கு. அவற்றைத் தொடாதே. இப்படிச் செய்தால் பேக் பேக்காகவே இருக்கும், சார்ஜும் அதன் சொந்த சார்ஜரிலேயே ஏறும்.

4. ஒயர் நிறத்தை நம்பாதே. எது பிளஸ், எது மைனஸ் என்று, பேக்கைச் செருகாமல் அதன் முனைகளிலேயே மீட்டர் வைத்துப் பார். பிளஸ் ஒயரில், தகடுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே, வண்டிகளுக்குப் போடும் 5 ஆம்ப் பிளேடு ஃபியூஸ் ஒன்று. இது இல்லாமல் பேக்கைச் செருகவே கூடாது.

5. அடுத்தது வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் எல்எம்2596 போர்டு கேட்டால் கொடுப்பார்கள். அதில் நீல டப்பா ஒன்று, அதன் தலையில் சின்னப் பித்தளைத் திருகு. புது போர்டில், உள்ளே போகும் வோல்ட் ஏறக்குறைய அப்படியே வெளியே வரலாம். நீ ஓட்டப்போவது வீட்டு இன்டர்நெட் ரவுட்டர் என்று வைத்துக்கொள், அதற்கு 12 வோல்ட். அப்போதே மாட்டினால் ரவுட்டர் போச்சு. வெறும் மீட்டரை மட்டும் மாட்டிக்கொண்டு திருகை இடப்பக்கமாகச் சுற்று. பல சுற்று சுற்றியும் எண் அசையாமல் நிற்கும். போர்டு கெட்டது என்று நினைத்துவிடாதே, பொறுமையாகச் சுற்று. திடீரென்று இறங்க ஆரம்பிக்கும். 12ல் நிறுத்து.

6. நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். பேட்டரி காலியாகும்போது டிரில் தானாக நிற்கும், பார்த்திருப்பாய். அந்தக் காவல் பல மாடல்களில் பேக்குக்குள் இல்லை, டிரில்லின் போர்டில்தான் இருக்கிறது. நீ டிரில்லை வெட்டி எறிந்தபோது காவல்காரனையும் சேர்த்து எறிந்துவிட்டாய். ரவுட்டர் இரவெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். செல் 2 வோல்ட்டுக்கும் கீழே போய்க் கிடந்தால் உள்ளே செம்பு கரையும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அது செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம், தீயும் பிடிக்கலாம். அதனால் லோ வோல்ட்டேஜ் கட்-ஆஃப் போர்டு ஒன்றை வாங்கி, ஃபியூஸுக்கும் கன்வர்ட்டருக்கும் நடுவே போடு. ஐந்து செல் வரிசைக்கு 15 வோல்ட், அதாவது செல்லுக்கு 3. நான் 16ல் வைக்கிறேன். பத்து நிமிடம் குறையும், பேக் பல வருஷம் நிற்கும்.

7. கணக்குப் போட்டுப் பழகு. 18 வோல்ட், 4 ஆம்ப்-அவர் என்றால் 72 வாட்-அவர். கன்வர்ட்டரில் சூடாகிப் போவதைக் கழித்தால் 60. பத்து வாட் இழுக்கும் ரவுட்டர் ஆறு மணி நேரம் ஓடும். பழைய பேக்குக்கு அதில் பாதி என்று வைத்துக்கொள்.

8. உப்பிய செல், ஒழுகிய செல், அடிபட்ட பேக் எதையும் வைத்துக்கொள்ளாதே. மின்கழிவு வாங்குகிறவர்களிடம் சேர்த்துவிடு. செல்லுக்கு 1.2 வோல்ட் காட்டும் பழைய நிக்கல்-காட்மியம் பேக்கையும் அங்கேயே கொடு, காட்மியம் விஷம்.

9. சார்ஜ் போடுவது சிமென்ட் தரையில், நீ விழித்திருக்கும்போது. மெத்தையிலும் வேண்டாம், வாசற்படியிலும் வேண்டாம்.

10. வேலை முடிந்ததும் பேக்கைக் கழற்றிவிடு. ஒன்றும் மாட்டாவிட்டாலும் கன்வர்ட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வை. ஐப்பசி பிறந்ததும் எடுத்து மீட்டரில் பார். புயல் எச்சரிக்கை வந்த அன்றே முழுக்க ஏற்றிவிடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் போன் கொண்டு வருவார்கள், 12 வோல்ட்டில் மாட்டும் வகை யூஎஸ்பி சாக்கெட் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்.