மதமும் அளவையும்

களிறு என ஆண் யானையையும் பிடி எனப் பெண் யானையையும் வேறுபிரித்துப் பெயரிட்ட நம் முன்னோர், களிற்றின் கன்னத்தில் வழியும் மதநீருக்குக் 'கடாம்' என்றொரு தனிச்சொல்லையும் வழங்கினர். கண்ணுக்கும் செவிக்கும் இடையே அந்நீர் ஒழுகத் தொடங்கினால், பழகிய பாகனையும் மதியாத சீற்றம் பின்தொடரும் என்பதை அவர்கள் நன்கு கண்டிருந்தனர். அச்சீற்றத்துக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்குரிய விடையின் முதற்பகுதி, 1972ஆம் ஆண்டில், நம் இலங்கையில் வாழ்ந்த யானைகளின் குருதியிலிருந்தே பெறப்பட்டது.

ஊவா மண்ணுக்கும் யானைக்கும் உள்ள தொடர்பு பழையது. அதில் துயரும் உண்டு. பதுளையில் ஆங்கில அரசின் அதிகாரியாயிருந்த மேஜர் தோமஸ் றொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாக வரலாற்று நூல்கள் கூறும். அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை நகரின் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்ததே. யானையை அறிதல் என்பது அதனை வீழ்த்துதலே என எண்ணப்பட்ட காலம் அது.

அதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டின் பின், பேராதனையில் மிருக வைத்தியம் கற்பித்த எம். ஆர். ஜைனுதீன் வேறொரு வழியை மேற்கொண்டார். துவக்குக்குப் பதிலாக ஊசியும் குறிப்பேடும் அவருக்குத் துணையாயின. வளர்ப்புக் களிறுகளின் குருதியை மாதக்கணக்காகச் சேகரித்து, கட்டொங்கோலே, றொஜர் ஷோட் என்னும் அறிஞர்களோடு கூடி, ஆண்மை ஓமோனாகிய தெஸ்தொஸ்தெரோனை அளந்தார். மதமில்லாக் காலத்தில் அது ஒரு மில்லிலீற்றர் குருதியில் 1 நானோகிராம் அளவினதாகவே இருந்தது. மதநீர் வழியத் தொடங்கியதும் உயர்ந்தது. முழு மதத்தில் 30 முதல் 60க்கு மேலும் எட்டியது. மதம் தணிய மீண்டும் தாழ்ந்தது. மதம் நோயன்று, பேயன்று, பாகன் செய்த பிழையுமன்று; உடலின் முறையான பருவமாற்றம் என்பது இவ்வெண்களால் விளங்கிற்று.

இவ்வுண்மையின் பயன் இத்தீவோடு நில்லவில்லை. ஆபிரிக்க யானைக்கு மதம் இல்லையென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதற்கும் மதமுண்டு என்பதைக் கென்யாவில் ஆய்ந்த இரு பெண் அறிஞர்கள் 1981இல் நிறுவினர். பின்னர் அந்நாட்டு அம்போசெலியில் நடந்த மரபணுச் சோதனை, கன்றுகளிற் பெரும்பாலானவற்றுக்கு மதங்கொண்ட களிறுகளே தந்தை என்று காட்டியது. எனவே முதிர்ந்த களிறொன்றைக் கொல்வோர் அதனை மாத்திரமன்றி, அதன்வழித் தோன்றக்கூடிய சந்ததியையும் அழிப்பவராவர்.

பிடியின் சினைப்பருவச் சுழற்சியையும் ஜைனுதீன் ஆராய்ந்தார். ஐசன்பேர்க், திலகரத்ன ஆகியோருடன் 1971இல் வெளியிட்ட கட்டுரையில், களிறும் பிடியும் நடந்துகொள்ளும் விதத்தை நோக்கி, அச்சுழற்சி ஏறத்தாழ மூன்று வாரம் எனக் கணித்தார். பசுவின் சுழற்சி 21 நாளாதலின் இது பொருத்தமாகவே தோன்றிற்று. ஆனால் குருதியிலுள்ள புரொஜெஸ்தரோனை அளக்கும் முறை பரவிய பின், 1980களில், அது 13 முதல் 17 வாரம் வரை நீள்வதென்று தெளிவாயிற்று. அச்சுழற்சியினுள்ளே மற்றோர் ஓமோன் ஏறத்தாழ மூன்று வார இடைவெளியில் இருமுறை பொங்குவதும், இரண்டாவது பொங்கலின் பின்னரே முட்டை வெளிப்படுவதும் பின்னர் அறியப்பட்டன. இவ்வறிவின் துணையால், செயற்கை முறைச் சினைப்படுத்தலில் உருவான முதலாவது ஆசிய யானைக் கன்று 1999இல் அமெரிக்காவிற் பிறந்தது. முன்னோர் கணிப்பைப் பின்வந்தோர் திருத்துவது முன்னோர்க்கு இழுக்கன்று. திருத்துவதற்குரிய தெளிவான கணிப்பை விட்டுச் செல்வதே ஆய்வாளன் கடன்.

இவ்வாராய்ச்சியால் நாம் உணரவேண்டியது யாது? பசு ஒன்பது மாதத்திற் கன்றீனும். பிடியோ ஏறத்தாழ 22 மாதம் சுமந்து ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு மேலும் பல ஆண்டு செல்லும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் காணப்பட்டன. 2023இல் மட்டும் 450க்கும் மேற்பட்டவை மாண்டன. யானையால் உயிரிழந்த மனிதரும் நூற்றுக்கு மேலாவர். நம் மாகாணத்து வெல்லவாய, புத்தல முதலிய ஊர்களின் உழவர்க்கு இது செய்தித்தாளிற் படிக்கும் கதையன்று. இராக்காவலில் நேரே காணும் இடர். விரைந்து இறப்பதும் மெல்லப் பிறப்பதுமான ஓரினம் நெடிது நிலையாது. வேலியும் வழித்தடமும் வகுப்போர் இக்கணக்கை மறந்தால், உழவனும் காக்கப்படான், யானையும் காக்கப்படாது.

ஜைனுதீன் பின்னர் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்து எருமையின் இனப்பெருக்கத்தையும் ஆராய்ந்தார். ஹாபெஸ் பதிப்பித்த பண்ணை விலங்கு இனப்பெருக்கப் பாடநூலில் மாடு, எருமை பற்றி எழுதியோருள் அவரும் ஒருவர். தோட்ட லயத்தின் பின்புறத்தில் ஒரு பசுவைக் கட்டி வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இத்துறை அந்நியமானதன்று. பசு எந்நாளிற் பருவத்துக்கு வந்தது, எந்நாளிற் சினைப்பட்டது, எந்நாளிற் கன்றீன்றது என நாட்குறித்து வைக்கும் மாணவன், இவ்வறிஞர் நடந்த வழியில் முதலடி வைத்தவனாவான். மதத்துக்குப் பெயரிட்டது நம் மொழி. அதனை அளந்தது நம் நாட்டு அறிவு. இவ்விரண்டும் நம் மாணவர்க்கு உரிமையாகுக.