வரைபடம்: திரையில் பளிச், தாளில் மங்கல்

கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், குடும்ப வரலாறு என்று வீட்டுக் கணினியிலேயே பக்கம் அமைத்து அச்சகத்துக்கு அனுப்புகிறவர்கள் இன்று ஏராளம். எழுத்துப்பிழைக்காக மூன்று முறை மெய்ப்புப் பார்க்கிறவர்கள்கூட, வரைபடத்தை மட்டும் கிடைத்த இடத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். நல்ல மலர் அந்த ஒரு பக்கத்தில் கெட்டுப்போகிறது.

நம்பிக்கை: திரையில் தெளிவாக இருந்தால் அச்சிலும் தெளிவாக வரும்.

வராது. 1920 புள்ளி அகலமுள்ள திரை முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் அது 6.4 அங்குலத்துக்குத்தான் காணும். ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். அதிலும் நம் ஊரை மட்டும் வெட்டி எடுத்தால் 600 புள்ளி மிஞ்சலாம். அதாவது இரண்டே அங்குலம். ஃபோட்டோஷாப்பில் அங்குலத்துக்கு 72 புள்ளி என்பதை 300 என்று மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். புள்ளிகளைக் கூட்டாமல் மாற்றினால் படத்தின் அச்சளவு சுருங்கும். கூட்டினால் இல்லாத புள்ளிகளை மென்பொருள் ஊகித்து நிரப்பும். புகைப்படத்தில் அது ஓரளவு மறையும். மெல்லிய கோடும் பொடி எழுத்துமாக இருக்கும் வரைபடத்தில் மறையாது. ஜேபெக் கோப்பாக இருந்தால் தெருப் பெயர்களைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் தெரியும்.

இதற்கு வழி வெக்டர் கோப்பு. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே நிற்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் பகிர்வுப் பகுதியில் எஸ்.வி.ஜி., பி.டி.எஃப். வடிவங்கள் இருக்கின்றன. எஸ்.வி.ஜி. கோப்பை இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் திறந்து, வேண்டாத கடைகளை அழித்துவிட்டு, கோயில் பெயரையும் குளத்தின் பெயரையும் நம் எழுத்துருவிலேயே சேர்க்கலாம்.

நம்பிக்கை: இணையத்தில் கிடைப்பதெல்லாம் பொதுச் சொத்து.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வரைபடத்தைக் கலைப்படைப்புகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கூகுள் மேப்ஸ் மேல் கோடு இழுத்துப் புதுப் படம் வரைவதையும் அதன் விதிகள் ஏற்பதில்லை. மனமுவந்து தருகிறவர்கள் இருக்கும்போது இந்தச் சங்கடம் எதற்கு? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி தெரிவித்து ஒரு வரி, உரிமக் குறிப்போடு, படத்தின் கீழே போட்டால் போதும். நேச்சுரல் எர்த் என்ற இலவச வரைபடத் தொகுப்பு அதுகூடக் கேட்பதில்லை. ஆனால் அதன் விரிவான தொகுப்பே 1:1 கோடி அளவிலானது. உலகப் படத்துக்கு அருமை, ஊர்ப் படத்துக்கு உதவாது.

நம்பிக்கை: இந்தியப் படம் எதுவானாலும் ஒன்றுதான்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், நேச்சுரல் எர்த் இரண்டும் காஷ்மீர் எல்லையைக் களநிலவரப்படி காட்டுகின்றன. அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட எல்லைக்கு மாறான இந்தியப் படத்தை அச்சிட்டால், 1961ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். நாட்டுப் படம் தேவையென்றால் அத்துறையின் தளத்திலிருந்தே எடுங்கள். அரசுப் படம் என்றால் அலைச்சலும் செலவும்தான் என்று தயங்க வேண்டாம்: 1:50,000 அளவுத் தாள்களைக்கூடப் பதிவு செய்துகொண்டு பி.டி.எஃப். ஆக இலவசமாக இறக்கலாம்.

நம்பிக்கை: அளவுக் குறிப்பை அப்படியே விட்டுவிடலாம்.

1:50,000 அளவுத் தாளைப் பாதியாகச் சுருக்கினால் படம் 1:1,00,000 ஆகிவிடும்; ஓரத்தில் மட்டும் 1:50,000 என்றே நிற்கும். எண்ணை எடுத்துவிடுங்கள். கிலோமீட்டர் காட்டும் அளவுகோல் பட்டையைப் படத்தோடு சேர்த்துக் குழுவாக்கி வையுங்கள். படம் சுருங்கும்போது அதுவும் கூடவே சுருங்கும்.