விற்கப்போகும் வீட்டுக்குச் செலவு செய்யலாமா?

முன்னுரை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கட்டிய வீட்டை விற்றுப் பார் என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. ஆனால் அதுவும் ஒரு சோதனைதான் என்பதை 2025ஆம் ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையின்போது நான் தெரிந்துகொண்டேன்.

சுங்கைப் பட்டாணியில் எங்கள் ஒற்றைமாடி வரிசை வீட்டை அப்பா 1998இல் 78,000 ரிங்கிட்டுக்கு வாங்கினார். அம்மாவின் முழங்கால் வலி அதிகமானதால், அண்ணன் வேலை செய்யும் கிள்ளானுக்கே குடிபோய்விடலாம் என்று முடிவாயிற்று. அதற்கு இந்த வீட்டை விற்க வேண்டும். "இப்படியே விற்றால் யார் மதிப்பார்கள்? முதலில் செய்து முடிப்போம், பிறகு விற்போம்" என்றார் அப்பா. குத்தகையாளர் ஒருவர் வந்து அளந்து பார்த்து, 45,000 ரிங்கிட் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். 55 வயதில் எடுக்காமல் விட்டு வைத்திருந்த ஊழியர் சேமநிதியிலிருந்து அந்தப் பணத்தை எடுப்பதாக அப்பாவின் திட்டம்.

"நீதான் கணக்கியல் படிக்கிறியேம்மா, ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன். நம்மில் பலருடைய பெற்றோர் ஓய்வு வயதை நெருங்கிக்கொண்டிருக்கின்றனர். இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் வரலாம்.

1. செலவுகள் எல்லாம் ஒரே வகை அல்ல

வீட்டுக்குச் செய்யும் செலவை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது பழுது பார்ப்பது: கூரை ஒழுகல், கறையான், குழாய்க் கசிவு, பழைய மின்கம்பி போன்றவை. இரண்டாவது துப்புரவும் தோற்றமும்: சாயம் பூசுவது, புல் வெட்டுவது, உடைந்த கதவுப் பிடியை மாற்றுவது. மூன்றாவது மாற்றிக் கட்டுவது: புதிய சமையலறை அலமாரி, தரை ஓடு, அலங்காரக் கூரை, வாகனம் நிறுத்துமிடத்தை நீட்டிப்பது.

குத்தகையாளர் கொடுத்த 45,000 ரிங்கிட்டை இப்படிப் பிரித்துப் பார்த்தேன். சமையலறை அலமாரிக்கு 16,000, தரை ஓடுகளுக்கு 12,000, அலங்காரக் கூரைக்கு 6,000, முன்புறக் கொட்டகைக்கும் கேட்டுக்கும் 11,000. அத்தனையும் மூன்றாவது வகை. மழை பெய்தால் பின் அறையில் வாளி வைக்கிறோமே, அதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

வாங்க வருபவர் அலமாரியைப் பார்த்து ஆசைப்படலாம், ஆனால் அவருக்கு வேறு நிறம் பிடிக்கலாம். ஒழுகல் கறை அப்படி அல்ல. அதைப் பார்த்தவுடன் அவர் பயப்படுவார். உள்ளே இன்னும் என்னென்ன கெட்டிருக்குமோ என்று எண்ணி, உண்மையான பழுதுச் செலவைப்போல் பல மடங்கு விலையைக் குறைத்துக் கேட்பார். எனவே முதல் வகைச் செலவுதான் பெரும்பாலும் போட்ட பணத்தைத் திருப்பித் தரும்.

2. விலையை முடிவு செய்பவர் யார்?

'வீட்டின் விலை 220,000, செலவு 45,000, ஆகவே 265,000 கேட்கலாம்' என்பது அப்பாவின் கணக்கு. கேட்கலாம்தான். ஆனால் வாங்குபவர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்குவார். வங்கி தன் பங்குக்கு மதிப்பீட்டாளரின் மதிப்பைப் பார்க்கும். அவர் அதே வட்டாரத்தில் அண்மையில் விற்ற, அதே மாதிரியான வீடுகளின் விலையோடு ஒப்பிட்டுத்தான் மதிப்புப் போடுவார். நாம் எவ்வளவு செலவு செய்தோம் என்பது அவருக்கு முக்கியமல்ல.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். நாம் கேட்பது 265,000. மதிப்பீட்டாளர் போடுவது 240,000. வங்கி 90 விழுக்காடு கடன் தருகிறது என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 216,000. மீதி 49,000 ரிங்கிட்டை வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். விலையும் 240,000 ஆகவே இருந்திருந்தால் 24,000 போதும். வழக்கறிஞர் கட்டணமும் முத்திரை வரியும் இதற்கு மேல். முதல் வீடு வாங்க வரும் ஓர் இளம் குடும்பத்துக்கு இந்த 25,000 ரிங்கிட் வித்தியாசம் வாசற்படியிலேயே திரும்பிப் போக வைக்கும்.

ஆகவே செலவு செய்வதற்கு முன் அக்கம் பக்கத்தில் எந்த வீடு என்ன விலைக்கு 'விற்றது' என்று பார்க்க வேண்டும். விளம்பரத்தில் போடும் விலை வேறு, விற்ற விலை வேறு. தேசியச் சொத்துத் தகவல் மையம் சொத்து விற்பனை விவரங்களை இணையத்தில் வெளியிடுகிறது. அதையும் வீட்டு முகவர் சொன்னதையும் வைத்துப் பார்த்தபோது, எங்கள் பகுதியில் மாற்றிக் கட்டாத நல்ல வீடு 220,000 அளவிலும், முழுக்க மாற்றிக் கட்டிய வீடு 245,000 அளவிலும் விற்றிருந்தன. வித்தியாசம் 25,000.

3. அனுமதி இருக்கிறதா?

1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, வீட்டை நீட்டிக் கட்ட ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். எங்கள் சமையலறையை 2004இல் பின்புறம் நீட்டியபோது அப்பா அனுமதி வாங்கவில்லை. 'எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள்' என்றார். அனுமதியில்லாத பகுதியை மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் விடலாம், வாங்குபவரின் வங்கியும் கேள்வி எழுப்பலாம். இருக்கிற சிக்கல் போதாதென்று முன்புறமும் அனுமதியின்றி நீட்டினால், காசு கொடுத்துத் தலைவலியை வாங்கியதாகிவிடும்.

4. வரியையும் மறக்கக்கூடாது

சொத்து விற்ற இலாபத்துக்கு மலேசியாவில் வரி உண்டு. குடிமக்கள் வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் விற்பவர்களுக்கு 2022 ஜனவரி முதல் இந்த வரி இல்லை. எங்கள் வீடு 27 ஆண்டுப் பழையது என்பதால் எங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அண்மையில் வாங்கிய வீட்டை விற்பவர்கள், மதிப்பைக் கூட்டிய மாற்றங்களுக்கான செலவை இலாபத்திலிருந்து கழிக்க முடியும். அதற்கு ரசீது வேண்டும். குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒரு முறை வரிவிலக்குக் கோரும் உரிமையும் உண்டு.

5. கூட்டிக் கழித்துப் பார்த்தால்

மாற்றிக் கட்டினால் கூடுதலாகக் கிடைப்பது 25,000. முகவருக்கு 3 விழுக்காடு கொடுத்தால் அதில் 750 போகும். மீதி 24,250. செலவோ 45,000. ஆக, நட்டம் 20,750 ரிங்கிட். சேமநிதி 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு இலாப ஈவு தந்தது. அந்த விகிதத்தில் 45,000 ரிங்கிட் ஓராண்டில் 2,835 ரிங்கிட் ஈட்டியிருக்கும். அதையும் இழக்கிறோம். வேலை நடக்கும் இரண்டு மாதமும் வீட்டை யாருக்கும் காட்ட முடியாது.

இன்னொரு பட்டியல் போட்டேன். கூரைக்கு 1,800, கறையான் மருந்துக்கு 900, குழாய்க்கும் கழிவறைக்கும் 1,100, மின்கம்பிக்கு 1,000, சாயத்துக்கு 2,000. மொத்தம் 6,800 ரிங்கிட்.

6. கணக்கில் வராத ஒன்று

தாளை அப்பாவிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "உங்கம்மாவுக்கு ஒரு நல்ல கேபினட் போட்டுத் தர்றேன்னு வீடு வாங்கினப்பவே சொன்னேன்" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். வேலை போனால் வீடும் போய்விடும் என்ற பயத்தில் வாழ்ந்த குடும்பம். தம் பெயரில் வாங்கிய முதல் வீட்டைக் குறையோடு கைவிட அவருக்கு மனம் வரவில்லை. அலமாரிக்கு எடுத்து வைத்த பணமெல்லாம் அண்ணனின் படிப்புக்கும் என் படிப்புக்கும் போயிருக்கிறது. நான் 16,000 ரிங்கிட் வீண் என்று கோடு போட்ட வரி அதுதான்.

அம்மாதான் பேசினார். "நான் இருந்தவரைக்கும் இல்லாத கேபினட், வர்றவளுக்கு எதுக்குங்க? போற வீட்டுல போட்டுக் கொடுங்க."

அப்பா சிரித்துவிட்டார். 6,800 ரிங்கிட் பட்டியல்படி வேலை நடந்தது. சாயத்தை அண்ணனும் நானும் பூசினோம். மூன்று மாதத்தில் வீடு 218,000 ரிங்கிட்டுக்கு விலைபோனது. அனுமதியில்லாத சமையலறையைக் காட்டி வாங்கியவர் கொஞ்சம் குறைத்துக் கேட்டார், ஒப்புக்கொண்டோம். கிள்ளான் வீட்டில் இப்போது பச்சை நிற அலமாரி இருக்கிறது. நிறத்தை அம்மா தேர்ந்தெடுத்தார்.

முடிவுரை

ஆகவே நண்பர்களே, விற்கும் வீட்டில் பயத்தைப் போக்கும் பழுதுகளை முதலில் பாருங்கள். அதற்கு மேல் செலவழிக்கும்முன், அக்கம் பக்கத்து விற்பனை விலையோடு ஒப்பிடுங்கள். கூடுதல் விலை செலவைவிட அதிகமானால் செய்யுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். பல ஆண்டுகள் குடியிருக்கப்போகும் வீடென்றால் கணக்கே வேறு. அங்கே நாம் அனுபவிப்பதும் வரவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெற்றோரிடம் கணக்கைக் காட்டுவதற்கு முன், அவர்கள் எதற்காக அந்தச் செலவைச் செய்ய விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். நான் அதைப் பிறகுதான் கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டும்.