பழைய சி.இ.ஓ.வுக்கு போர்டில் நாற்காலி போடலாமா?

செங்கம் ரோட்டில் இருக்கும் ரமணாசிரமம் நமக்கெல்லாம் தெரியும். அதன் தலைவராக இருந்த டி.என்.வெங்கடராமன், 1994-இல் பொறுப்பை மகன் வி.எஸ்.ரமணனிடம் ஒப்படைத்துவிட்டு சந்நியாசம் வாங்கிக்கொண்டார். கம்பெனிகளில் இப்படி முழுசாக ஒதுங்குவது அபூர்வம். சி.இ.ஓ. பதவியை விட்டவர் பல இடங்களில் போர்டிலேயே உட்கார்ந்திருப்பார். இது சரியா?

முதலில் ஒரு அடிப்படை. கம்பெனியைத் தினமும் நடத்துபவர் சி.இ.ஓ. அவரை நியமிப்பது, கேள்வி கேட்பது, தேவைப்பட்டால் நீக்குவது போர்டு. அப்படியென்றால் பழைய சி.இ.ஓ. போர்டில் இருந்தால், புது சி.இ.ஓ.வுக்கு மேலதிகாரிகளில் அவரும் ஒருவர்!

லாபம் என்ன? எந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது, எந்த வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் ஃபைலில் இருக்காது. அது அவர் தலையில்தான் இருக்கும்.

நஷ்டம் என்ன? அவர் ஆரம்பித்த ப்ராஜெக்ட் நஷ்டத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மூடலாம் என்று புதியவர் சொல்ல வேண்டும், அதுவும் அவரை எதிரே வைத்துக்கொண்டு. எத்தனை பேருக்கு வாய் வரும்?

அப்போ வெளியே அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இன்ஃபோசிஸ் கதையைப் பாருங்கள். நாராயண மூர்த்தி 1981 முதல் 2002 வரை சி.இ.ஓ. 2011-இல் சேர்மன் பதவியிலிருந்தும் விலகினார். 2013-இல் திரும்பி வந்து, 2014-இல் மறுபடி வெளியேறினார். நிறுவனர் அல்லாத முதல் சி.இ.ஓ.வாக விஷால் சிக்கா வந்தார். அடுத்த வருடங்களில் சம்பளம், பனாயா கம்பெனியை வாங்கியது பற்றியெல்லாம் மூர்த்தி வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். 2017 ஆகஸ்டில் சிக்கா ராஜினாமா செய்தபோது, மூர்த்தியின் தொடர் விமர்சனமே முக்கியக் காரணம் என்று போர்டு சொன்னது. மூர்த்தி அதை ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே விஷயமில்லை. அப்போது மூர்த்தி போர்டிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். நாற்காலி போனாலும் செல்வாக்கு போகாது.

அதே மாதம் போர்டு யாரைச் சேர்மனாகக் கூப்பிட்டது? 2002 முதல் 2007 வரை சி.இ.ஓ.வாக இருந்த நந்தன் நிலேகனியை! 2018 ஜனவரியில் சலில் பரேக் சி.இ.ஓ. ஆனார். தினசரி நிர்வாகம் அவரிடம். நிலேகனி நான்-எக்ஸிக்யூட்டிவ் சேர்மன். இவரும் பழைய சி.இ.ஓ.தான். ஆனால் யாருக்கு என்ன வேலை என்று கோடு கிழித்திருந்தது.

சட்டமும் இதை யோசித்திருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டம் 149(6) பிரிவின்படி, முந்தைய 3 நிதியாண்டுகளில் எதிலாவது சி.இ.ஓ.வாக இருந்தவர் அதே கம்பெனியில் 'சுயேச்சை இயக்குநர்' ஆக முடியாது. போர்டில் இருக்கலாம், ஆனால் நடுநிலையாளர் என்ற பெயரில் இருக்க முடியாது.

நம்ம கிளப்புகளிலும் இதே கதைதான். செக்ரட்டரி மாறினாலும் பழைய சீனியர் வாட்ஸ்அப் குரூப்பில் அட்மினாகவே இருப்பார். புது செக்ரட்டரி ஒன்று சொன்னால், 'அண்ணா என்ன சொல்றார்?' என்றுதான் எல்லோரும் காத்திருப்போம். தப்பு அண்ணா மேல் மட்டும் இல்லை, காத்திருக்கும் நம் மேலும்தான்.

என் கணக்கில் மூன்று விஷயம் போதும். இருப்பதற்கு ஒரு கடைசித் தேதி வேண்டும். பழைய முடிவுகளை மறுபரிசீலனை செய்யும்போது அவர் வெளியே இருக்க வேண்டும். சொல்வதை மீட்டிங்கில், மினிட்ஸில் பதிவாகும்படி சொல்ல வேண்டும். தனியாகப் போன் போட்டு அல்ல.

அடுத்த மாதம் பொறுப்பை ஒப்படைக்கப் போகும் ஃபைனல் இயர் நண்பர்களே, அட்மின் பதவியையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் ஜூனியர்களே கூப்பிடுவார்கள்.