நான்காம் இடம் கற்பிக்கும் பாடம்

சேரம்பாடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் குழந்தைகளே என் வகுப்பில் மிகுதி. விளையாட்டு விழாவில் முதன்முறை ஓடி, பரிசு கிடைக்காதவர்கள், “இனிமே ஓட மாட்டேன் டீச்சர்” என்பார்கள். உடனே ஆறுதல் சொல்லி அடக்குவதில்லை. அன்று வருந்தட்டும் என்று விடுகிறேன். மறுநாள், தசம எண்கள் பாடத்தோடு இச்செயல்பாட்டைச் செய்கிறோம்.

1. கரும்பலகையில் 55.41, 55.42 என எழுதி வேறுபாடு காணச் சொல்வேன். விடை 0.01. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில், இந்த நூறில் ஒரு பங்கு வினாடியில்தான் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்தார்.

2. “அப்படியானால் அந்த 55.42 வீணா?” என்று கேட்பேன். விவாதித்த பின் விடை சொல்வேன்: அது தேசிய சாதனை. 39 ஆண்டுகள் கழித்து, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோவையின் வித்யா ராம்ராஜ் அதே 55.42 வினாடியில் ஓடிச் சமன் செய்தார்; இறுதிப் போட்டியில் வெண்கலமும் வென்றார்.

3. பின்னர் மைதானம். ஒவ்வொருவரின் 100 மீட்டர் நேரத்தையும் கைபேசியில் அளந்து, அவரவர் குறிப்பேட்டில் எழுதச் செய்வேன். கையால் அளப்பதால் ஒரு தசம இடம் போதும். இரு வாரம் கழித்து மீண்டும் ஓடி, வேறுபாடு காண்பார்கள். பட்டியலைச் சுவரில் ஒட்டுவதில்லை.

நேரம் குறையாத குழந்தையிடம், புறப்பாட்டிலா, கடைசி 20 மீட்டரிலா எங்கே தளர்ந்தது என்று கேட்கிறேன். எத்தனையாவது இடம் என்பது உடன் ஓடுவோரைப் பொறுத்தது. நேரம் ஓடிய குழந்தைக்கே சொந்தம்.